ஊராட்சிக்கு ஒரு வரிதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில் ஜனநாயகத்துக்குச் சீர்திருத்தம் தேவையா என்று கேட்டு வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரே நாடு ஒரே தேர்தல், கட்சித் தாவல் தடைச் சட்டம், விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று முக்கால் பக்கத்துக்கு அலசியவர், ஊராட்சிகளுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார். ‘தனி அலுவலர்கள் பொறுப்பில் கிராம நிர்வாகம் தொய்வின்றி நடப்பதால், ஊரக உள்ளாட்சித் தேர்தல் சற்றுத் தள்ளிப்போவதில் பெரிய இழப்பு ஏதுமில்லை.’

அந்த வரியைப் படித்தபின் அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

நான் 2006 முதல் 2011 வரை மதுரை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சிக்குத் தலைவராக இருந்தவள். ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம், பூட்டு சாவி சின்னம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கட்டுரையாளர் அளவுக்கு எனக்கு எழுத வராது. ஆனால் எது இழப்பு, எது இழப்பில்லை என்று சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2008 கோடையில் எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு என் வீட்டு வாசலில் பதினைந்து குடங்கள். அதில் ஒரு கிழவி என்னைப் பார்த்து, “ஓட்டு கேட்டு வந்தப்ப என் கையப் புடிச்சியே, இப்ப வந்து புடி” என்றார். அன்று மதியமே மோட்டாரைக் கழற்றி, பட்டறைக்காரரிடம் என் வாய்ச்சொல்லை நம்பிக் கடனாக வேலை பார்க்கச் சொன்னோம். இரண்டாம் நாள் தண்ணீர் வந்தது. பிறகுதான் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டு, நானும் துணைத் தலைவரும் காசோலையில் கையெழுத்துப் போட்டோம்.

அதே கிணறு, அதே மோட்டார் 2017-இல் மறுபடி எரிந்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாடே வறண்டு கிடந்த நேரம் என்பது தங்களுக்குத் தெரியும். அப்போது எந்த ஊராட்சிக்கும் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது, அரசு அமர்த்திய தனி அலுவலர்தான். டேங்க் ஆபரேட்டர் ஊராட்சிச் செயலரிடம் சொன்னார். செயலர் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதினார். அலுவலர் ஜீப்பில் வேறு ஊரில் இருந்தார். அவர் கெட்டவர் அல்ல, ஒரு மனுஷன் 37 ஊராட்சிகளுக்குப் பொறுப்பு என்றால் அவரும்தான் என்ன செய்வார்? மதிப்பீடு, அனுமதி, கையெழுத்து என்று தண்ணீர் வரப் பதினெட்டு நாள் ஆனது. பதினெட்டு நாளும் எங்கள் தெருப் பெண்கள் மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள். எந்தக் கோப்பிலும் தாமதம் என்று இருக்காது, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. தொய்வின்றி என்று கட்டுரையாளர் சொல்வது இதைத்தானா?

அந்த மூன்று வருடத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீட்டை முறைப்படி அறிவிக்கவில்லை என்பது காரணம். தவறைத் திருத்திக்கொண்டு நான்கைந்து மாதத்தில் நடத்தியிருக்கலாம். ஆனால் வார்டு எல்லைகளை மாற்றிப் பிரிக்கும் வார்டு மறுவரையறை என்று ஆரம்பித்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். இடையில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, அங்கேயும் ஊருக்கென்று ஒரு தலைவர் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மத்திய நிதிக்குழு மானியமும், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போதும் நான் தங்கள் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கக் கடிதம் மூன்று வரியாக வந்தது. இடப் பற்றாக்குறை இருக்கும், புரிகிறது. ஆனாலும் வலித்தது.

இப்போது மறுபடியும் அதே கதை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு, 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தது. ஆறு மாதத்துக்குத் தனி அலுவலர் என்றார்கள். ஆறு மாதம் ஓடியது, நீட்டித்தார்கள். 2016-இல் ஆண்ட கட்சி வேறு, 2025-இல் ஆண்ட கட்சி வேறு. காரணம் மட்டும் அதே வார்டு மறுவரையறை. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கும் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2006-இலும் இதைச் சொன்னது. மறுவரையறையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியப் பிரதேச வழக்கில் 2022-இலும் சொன்னது. தங்களுக்கு நான் சட்டம் சொல்ல வரவில்லை.

சட்டமன்றத்துக்கு இப்படி ஒரு நாள் தள்ளுவார்களா? 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி, கொரோனா மறுபடி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், முகக்கவசத்தோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். அதற்கு ஆறு மாதம் முன்னால், 2020 அக்டோபர் 2-ஆம் தேதி, நூறு பேர் மரத்தடியில் உட்காரும் கிராம சபையைக் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். ஒரே நாடு ஒரே தேர்தல் என்று 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவிலும் மக்களவையும் சட்டமன்றங்களும்தான் இருக்கின்றன. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் எல்லோரும் நாள் பார்க்கிறார்கள்.

இந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போயிருந்தேன். ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவன், தெருவிளக்குச் செலவுக் கணக்கை வாசிக்கச் சொன்னான். அடுத்த கூட்டத்தில் தருகிறோம் என்றார்கள். யார் தருவது என்று கேட்டான். பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. வந்திருந்த அலுவலருக்கு அந்த விளக்குகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்பதே தெரியாது, அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்தோம். என் காலத்தில் கிராம சபை என்றால் முந்தின ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. யார் என்ன கேட்பார்களோ, கணக்கில் எங்கே இடிக்குமோ என்று ரசீதுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பயம் இப்போது யாருக்கும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டுரையாளர் அதை நினைத்திருக்க மாட்டார். எங்கள் ஆட்களுக்கு அந்த நாற்காலி சும்மா கிடைத்ததல்ல. எங்கள் மாவட்டத்து மேலவளவில், ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியில் தலைவராக ஜெயித்த குற்றத்துக்காக முருகேசனை 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருடம் தேர்தலையே ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006-இல்தான் அங்கே முறையாகத் தலைவர்கள் வந்தார்கள். அதே தேர்தலில் வந்தவள் நான். 2007 ஆகஸ்ட் 15 அன்று, கொடியை வேறு யாராவது ஏற்றட்டுமே, உனக்கு எதற்குச் சிரமம் என்று என்னிடம் அன்பாகவே சொன்னார்கள். நான்தான் ஏற்றினேன், கை நடுங்கியது. தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இருந்து என்ன, பெண்களுக்கு ஐம்பது சதவீதம் இருந்து என்ன? உட்கார நாற்காலியே இல்லாதபோது அது யாருக்கு ஒதுக்கியது என்ற கேள்விக்கு அர்த்தமில்லை.

ஊராட்சித் தலைவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. மனைவியை ஜெயிக்க வைத்துவிட்டுத் தானே கையெழுத்துப் போடும் கணவர்களை நானே பார்த்திருக்கிறேன். பதவியை ஏலம் விட்ட ஊர்களும் உண்டு. ஆனால் அவர்களை அடுத்த முறை இறக்கலாம். போதாததற்கு ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியரே தலைவரைப் பதவி நீக்க முடியும். எந்த ஆட்சியராவது ஒரு சட்டமன்ற உறுப்பினரை நீக்க முடியுமா? ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்தவரை அதிகாரி நீக்கலாம், அவர் இல்லாதபோது அந்த இடத்தில் அதிகாரியே உட்காரலாம் என்றால், சீர்திருத்தம் எங்கே தேவை என்று தேட டெல்லி வரை போக வேண்டாம்.

மேடைக்கு மேடை உத்திரமேரூர் குடவோலையைச் சொல்கிறார்கள். கல்வெட்டைப் பார்க்க நானும் ஒருமுறை போனேன். முதலாம் பராந்தகன் காலத்தது, ஆயிரத்து நூறு வருடம் பழையது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் மறுபடி நிற்கக் கூடாது என்று வெட்டியிருப்பதாக வழிகாட்டி படித்துச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் அது பிராமணர்களின் சபை. சொந்த நிலம் உள்ள ஆண்கள் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போகும், என் பாட்டியின் பாட்டி பெயர் போயிருக்காது. என் பெயர் அச்சடித்த ரோஸ் நிறச் சீட்டு பெட்டிக்குள் விழுந்தது 1993-இல் நடைமுறைக்கு வந்த அந்த அரசியலமைப்புத் திருத்தத்தால்தான். அதனால்தான் அந்த ஒரு வரி எனக்கு அவ்வளவு உறைத்தது.

சீர்திருத்தம் தேவையா என்று கேட்டீர்கள். தேவைதான். வார்டு பிரிப்பதையும் சுழற்சி ஒதுக்கீட்டையும் ஆளும் கட்சி கையிலிருந்து எடுத்து, பதவிக்காலம் முடிவதற்கு ஒரு வருடம் முன்னதாகவே முடிக்கும் கடமையோடு மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். அதைச் செய்யும் இடத்தில் நானும் இல்லை, தாங்களும் இல்லை. ஆகவே தங்களால் முடிந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

தினமும் உள்பக்கத்தில் மேட்டூர், வைகை, முல்லைப் பெரியாறு அணைகளின் நீர்மட்டம் போடுகிறீர்கள். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: ‘ஊராட்சிகளில் மக்கள் பிரதிநிதி இல்லாத நாள்’ என்று, பக்கத்தில் எண். 2025 ஜனவரி 6-ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் சரியாக இருக்கும். இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடமில்லை என்றாலும் பரவாயில்லை, அந்த ஒரு வரியைப் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் (2006–2011),
மதுரை மாவட்டம்.