சம்பளம் என்று எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பொருளாதாரப் பக்கத்தில் தொழிலாளர் பணவனுப்பல், அதாவது வெளிநாட்டில் வேலை செய்யும் இலங்கையர் வீட்டுக்கு அனுப்பும் பணம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2022இல் 3.79 பில்லியன் டொலராக விழுந்த தொகை 2024இல் 6.57 பில்லியனைத் தாண்டியது என்று எழுதியிருந்தீர்கள். அது சரி. ஆனால் அந்தத் தொகை முழுவதும் குடும்பங்கள் அடைந்த நன்மை என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் 2006 முதல் 2022 வரை குவைத்தில் வீட்டுவேலை செய்தவள். நடுவில் இரண்டு தடவைதான் ஊருக்கு வந்தேன். முதலில் போகும்போது இளையவளுக்கு மூன்று வயது. விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் படுக்க இரவு பதினொன்றாகும். முதல் வீட்டில் 40 தினார், கடைசி வீட்டில் 90. மகளின் சாமத்தியவீட்டைப் படத்தில்தான் பார்த்தேன். 2017இல் அம்மா செத்தபோது வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் கையில் தரவில்லை. இவற்றை எந்த நன்மையில் கழிப்பது?

மத்திய வங்கிக் கணக்கில் எங்கள் பணம் எந்த இடத்தில் வருகிறது என்று மகளிடம் கேட்டேன். அவள் கம்பஸில் பொருளியல் படித்தவள். பாசிக்குடா ஹோட்டலில் தங்கும் வெள்ளைக்காரருக்குக் கட்டில் விரித்தால் அந்தக் காசு சேவை ஏற்றுமதி வருமானம். நான் குவைத்தில் கட்டில் விரித்து அனுப்பிய காசு இரண்டாந்தர வருமானம். அதாவது பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல் நாட்டுக்கு வந்த பணம். நன்கொடையும் அந்தப் பகுதியில்தான் வருமாம். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்டில் வசிப்பவராக எண்ணுவார்கள், உலகம் முழுக்க இதுதான் முறை என்றாள். முறை இருக்கட்டும், ஐயா. 2024இல் சுற்றுலாவால் வந்தது 3.17 பில்லியன். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பியது அதைப்போல இரண்டு மடங்கு. அந்த ஹோட்டல் பிள்ளைக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) சம்பளத்தில் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) 3 வீதமும் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எனக்கு 16 வருடத்துக்கும் ஒரு சதம் இல்லை.

2013 ஜனவரியில் என்னைப்போல வீட்டுவேலைக்குப் போன மூதூர் ரிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றிய செய்தி வந்தபோது, வேலை செய்த வீட்டின் சமையலறைக்குள் நின்று அழுதேன். அதே வருடம்தான் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் எடுக்க வேண்டும் என்று குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2014இல் திரும்பப் போவதற்கு அந்தத் தாளுக்காக அலைந்தேன். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், எங்கே படுப்பார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அம்மாதான் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தா. என் கணவர் கட்டாருக்குப் போனபோது பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரும் தகப்பன்தானே?

அப்புறம் 2021 கடைசியில் உண்டியலில், அதாவது வங்கியை விட்டு ஆட்கள் மூலம் கைமாற்றாக, காசு அனுப்புகிறவர்கள் நாட்டுக்குத் துரோகம் செய்கிறார்கள் என்றார்கள். நான் அனுப்பினேன், மறைக்கவில்லை. வங்கியில் டொலர் 200 ரூபாய்க்குக் கட்டிப்போடப்பட்டிருந்தது. வெளியில் 240க்கு மேல் போனது. என் 90 தினாருக்கு வங்கியில் 60 ஆயிரம் ரூபாய் வந்தால், உண்டியலில் அதைவிடப் பத்தாயிரத்துக்கு மேல் கூட வந்தது. பால்மா விலையும் காஸ் விலையும் ஏறிக்கொண்டே இருந்த மாதங்கள் அவை. அந்தப் பத்தாயிரம் என் வீட்டில் ஒரு கிழமைச் சாப்பாடு. வங்கியில் போட்டிருந்தால் அந்தப் பத்தாயிரம் வீட்டுக்கு வந்திராது, ஆனாலும் அனுப்பியதைக் குடும்பத்தின் நன்மை என்று எழுதியிருப்பீர்கள்.

மாதாமாதம் எத்தனை பேர் போனார்கள், எத்தனை டொலர் வந்தது என்று உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. எத்தனை பெண்கள் திரும்பி வந்தார்கள், எந்த நிலையில் வந்தார்கள் என்று நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. இதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்க உங்களால் முடியும், என்னால் முடியாது.

இப்போதைக்கு உங்களிடம் கேட்பது ஒரு சொல் மட்டும். அடுத்த மாதக் கணக்கு வரும்போது, நன்மை என்று போடுகிற இடத்தில் தயவுசெய்து சம்பளம் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மட்டக்களப்பு