லைட்டர் தடை காகிதத்தில் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தாராள வணிகம் வேண்டும், எதையும் தடுக்கக் கூடாது என்று பேசுபவர்கள் ஒருமுறை கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் வந்து பார்க்கட்டும். இங்கே தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வானம் பார்த்த கரிசல் காட்டில் மழை பொய்த்தால், குச்சி அடுக்கியும் பெட்டியில் அடைத்தும் வரும் கூலியில்தான் அடுப்பு எரிகிறது.

பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று, ஏறக்குறைய இருபது தீப்பெட்டிகளின் விற்பனையைத் தின்றுவிடுகிறது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கேயே பூட்டி விற்றார்கள். அதற்கும் 2024 அக்டோபரில் தடை வந்தது. இன்றும் எங்கள் தெருப் பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்திலேயே லைட்டர் அட்டை தொங்குகிறது.

எல்லா இறக்குமதிக்கும் கதவடைக்கச் சொல்லவில்லை. நம் தீப்பெட்டியும் கப்பலேறி வெளிநாடு போகிறது; நாம் கண்மூடித்தனமாக வரியை ஏற்றினால் அவர்களும் ஏற்றுவார்கள். ஆனால் எரிவாயு தீர்ந்ததும் குப்பையில் வீசப்படும் ஒரு பொருளுக்காக இத்தனை குடும்பங்களின் பிழைப்பைக் கெடுப்பது எந்த வகையில் நியாயம்?

துறைமுகத்தில் சோதனையைக் கடுமையாக்குங்கள். மொத்த வியாபாரிகளின் கிடங்குகளையும் பாருங்கள். பெட்டிக்கடைக்காரரை மட்டும் பிடித்து அபராதம் போட வேண்டாம், அவரும் அன்றாடங்காய்ச்சிதான்.

– ஒரு வாசகர், கோவில்பட்டி