ஒன்பதிலும் வென்றவர்களுக்கு அழைப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் விளையாட்டும் நிறவெறியும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீக் பேஸ்பாலில் 1947இல் களமிறங்கிய கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கறுப்புக் கையுறையோடு கையை உயர்த்திய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஆனால் ஓர் அணி விடுபட்டுப் போயிற்று. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951ஆம் ஆண்டுக் கால்பந்து அணி. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

கால்பந்து என்றதும் நம் மைதானத்தில் ஆடுவதை நினைக்க வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம் அது. கல்லூரி அணிகள் ஆடினாலே அங்கே கூட்டம் அலைமோதும். சீசன் முடிந்ததும் நன்றாக ஆடிய அணிகளைக் கூப்பிட்டு, புத்தாண்டை ஒட்டி 'பவுல்' என்ற பெயரில் பெரிய ஆட்டங்கள் நடத்துவார்கள். மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல். அந்தக் காலத்தில் நடத்துகிறவர்களின் அழைப்பு வந்தால்தான் ஆட முடியும். வந்தால் வீரர்களுக்குப் பேர், கல்லூரிக்குப் பணம்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபையினர் நடத்துவது. பெரிய நிறுவனம் இல்லை, கால்பந்து அணியை வைத்துக் காப்பாற்றவே சிரமப்பட்டது. டான்ஸ் என்று பெயர் கொண்ட அந்த அணி, பயிற்சியாளர் ஜோ குஹாரிச் தலைமையில் 1951இல் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வென்றது. சான் ஹோசேயை 39–2 என்றும், பசிபிக் கல்லூரியை 47–14 என்றும் நொறுக்கினார்கள். நியூயார்க் போய் ஃபோர்டாமோடு ஆடியது மட்டும்தான் நெருக்கமான ஆட்டம், 32–26. அதில் ஆலி மேட்சன், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரை இரண்டு முறை ஓடியே சேர்த்தார். அந்த சீசனில் அவர் ஓடிச் சேர்த்தது 1,566 கெஜம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களிலேயே அதுதான் முதலிடம். அடுத்த ஆண்டு இதே மனிதர் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். எப்பேர்ப்பட்ட கால்கள்!

மேட்சன் கறுப்பினத்தவர். அணியில் இன்னொரு கறுப்பினத்தவர் பர்ல் டோலர். மற்ற எல்லோரும் வெள்ளையர்கள்.

இந்தப் பவுல்கள் நடந்த தென்மாநிலங்கள் அன்று கறுப்பரை எப்படி ஒதுக்கிவைத்திருந்தன என்பதை உங்கள் கட்டுரையே சொல்லிவிட்டது. அதே 1951 அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமாவில் ஆடப்போன டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட், கையில் பந்தே இல்லாதபோது தாடையில் குத்து வாங்கினார். தாடை உடைந்தது. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்து புலிட்சர் பரிசும் பெற்றன.

சரி, தோல்வியே காணாத டான்ஸுக்குப் பவுல் அழைப்பு என்ன ஆயிற்று? அந்த வீரர்கள் கடைசிவரை சொல்லிவந்தது இதுதான்: வரலாம், ஆனால் கறுப்பர் இருவரையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்று நிபந்தனை வந்தது. முடியாது என்று மொத்த அணியும் சொல்லிவிட்டது. வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு. இவர்கள் ஆடிய எதிரணிகள் பலமில்லாதவை என்றார்கள். எனக்கு அது செல்லாத சாக்காகவே படுகிறது. அந்த ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள்: மேட்சன், ஜினோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர். இப்படி ஓர் அணியைப் பலவீனமான அணிகளை மட்டும் அடித்தவர்கள் என்று எப்படி ஒதுக்க முடியும்?

இந்தக் கதையில் என் மனதைப் பிடித்தவர்கள் அணியின் வெள்ளை வீரர்கள். அவமதிக்கப்பட்டவர் எதிர்த்து நிற்பது பெரிய விஷயம்தான். ஆனால் அவமானம் தன் மேல் விழாதபோது, வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாமே கிடைக்கும் என்ற நிலையில், "அவர்கள் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம்" என்று சொல்வதை நான் அதிகம் பார்த்ததில்லை. முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்து பையன்களை மாவட்டப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் கூட்டிப் போனவன் நான். பட்டியலில் பேர் இருக்கிறதா என்று அறிவிப்புப் பலகை முன்னால் மூச்சைப் பிடித்து நிற்கும் முகங்களை அறிவேன். ஒரு பெரிய ஆட்டத்தை வேண்டாம் என்று விடுவது இருபது வயதில் எத்தனை கஷ்டம் என்பதும் தெரியும். இத்தனைக்கும் ராபின்சன் வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தது டான்ஸின் முடிவுக்கு நாலு வருடம் கழித்து. கைதட்ட யாரும் இல்லாத நேரத்தில் எடுத்த முடிவு இது.

அவர்கள் கொடுத்த விலையும் சின்னது இல்லை. பவுல் பணம் வந்திருந்தால் அணி தப்பித்திருக்கலாம். வரவில்லை. சீசன் முடிந்த கையோடு, செலவு தாங்கவில்லை என்று பல்கலைக்கழகம் அந்தக் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. 1952 ஜனவரி 1 அன்று ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா டெக் கல்லூரி அணி, பேலர் கல்லூரி அணியை 17–14 என்று வென்றது. டான்ஸ் வீரர்கள் வீட்டில் இருந்தார்கள்.

பர்ல் டோலரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1952இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய், தொழில்முறை ஆட்டம் அவருக்கு இல்லாமலே போயிற்று. அப்புறம் ஆசிரியரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியரும் ஆனார். 1965இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவர் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. லீகின் ஆணையராக அப்போது இருந்தவர் பீட் ரோசல். 1951இல் டான்ஸ் அணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே இளைஞர்.

டான்ஸின் கடைசி ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸ் லயோலாவோடு பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் நடந்தது, 20–2 என்று வென்றார்கள். 1980 ஜனவரியில் அதே மைதானத்தில் தேசியக் கால்பந்து லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நடந்தபோது நடுவர் குழுவில் ஒருவராக டோலர் இறங்கினார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2006இல் அந்த அணியினருக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2017இல் மாணவர் விடுதி ஒன்றுக்கு டோலரின் பெயரை வைத்தார்கள். அதற்கு முன் அந்த விடுதி, "கலிபோர்னியா வெள்ளையருக்கே" என்று சொல்லி ஓட்டுக் கேட்ட ஜேம்ஸ் ஃபீலன் என்ற அரசியல்வாதியின் பெயரில் இருந்தது. அந்தப் பெயர் வேண்டாம் என்று கேட்டவர்கள் அங்கே படித்த மாணவர்கள்.

அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதும்போது டான்ஸுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் மேட்சன், டோலர் படங்களை மட்டும் போட்டுவிடாமல், மொத்த அணியும் சேர்ந்து நிற்கும் படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை