ரயில் இல்லாத மாவட்டத்திலிருந்து

லெட்டர்கென்னி, அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டாம், எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டார். தம்பியை விட்டுக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

போன வாரம் போனில் "வெள்ளைக்காரன் தேசத்தில் ரயில்கூடவா இல்லை?" என்று சிரித்தீர்கள். நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் ஏதோ சொல்லிவைத்தேன். அது போனில் சொல்லித் தீருகிற கதை இல்லை. அதான் இன்றைக்கு லீவு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிஜமாகவே இல்லை அப்பா. நான் இருக்கும் டொனிகால் மாவட்டம் நம் தேனி மாவட்டத்தைவிடப் பெரியது. ஜனம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. எங்கே தேடினாலும் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் மூலைமுடுக்கெல்லாம் ரயில் ஓடியிருக்கிறது. 1920 வாக்கில் இந்தத் தீவு முழுக்க 3,400 மைலுக்கு மேல் ரயில் பாதை இருந்ததாம். இன்று அதில் பாதிகூட மிச்சமில்லை.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டே பழைய ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடம்தான். இங்கே ஓடியது மூன்றடி அகலச் சின்னப் பாதை. நம் பழைய போடி மீட்டர் கேஜைவிட இன்னும் கொஞ்சம் ஒடுக்கம். அதை ஓட்டியது ஏழை மாவட்டத்துக் கம்பெனிதான், ஆனாலும் கில்லாடிகள். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் யாரும் பயணிகளுக்கு வழக்கமாக டீசல் வண்டி விடாத காலத்தில், 1931-லேயே இவர்கள் ஓட்டியிருக்கிறார்கள். அப்படியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கடைசிப் பயணிகள் ரயில் 1959 டிசம்பர் 31. நம் போடி மீட்டர் கேஜ் நின்றதும் 2010 டிசம்பர் கடைசியில்தானே? ரயிலை நிறுத்த எல்லா நாட்டு அதிகாரிகளும் வருஷக் கடைசியாகத்தான் பார்த்துவைப்பார்கள் போல.

நமக்காவது பதினோரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் அகலப் பாதையில் வண்டி திரும்ப வந்தது. மதுரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்கு இவ்வளவு வருஷமா என்று நீங்கள் தினமும் பேப்பரைப் படித்துவிட்டுத் திட்டியது ஞாபகம் இருக்கிறது. இங்கே 65 வருஷம் தாண்டியும் தண்டவாளம் திரும்பவில்லை.

காரணம் கேட்டால் லாரி வந்தது, கார் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என் கணக்கில் முதல் அடி எல்லைக்கோடு. 1921-ல் அயர்லாந்தைப் பிரித்தார்கள். டொனிகால்காரர்கள் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் போய்வந்த டெரி நகரம் வடக்கு அயர்லாந்தில், அதாவது பிரிட்டன் பக்கம் போய்விட்டது. 1923-லிருந்து கோட்டில் சுங்கச் சோதனை. ரயில் நிற்க வேண்டும், மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும், அப்புறம் கிளம்ப வேண்டும். கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் ஒரு சுங்கச்சாவடியைப் போட்டால் நம் ஏலக்காய் வியாபாரம் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு கம்பெனி கதை உங்களுக்குப் பிடிக்கும். லாக் ஸ்வில்லி ரயில்வே என்று பெயர். 1953-ல் கடைசி ரயிலையும் நிறுத்திவிட்டு முழுக்க பஸ் கம்பெனி ஆகிவிட்டார்கள். ஆனால் பெயரில் உள்ள 'ரயில்வே'யை மட்டும் விடவில்லை. ஒரு ரயில்கூட இல்லாத ரயில்வே கம்பெனியாக 2014 வரை பஸ் ஓட்டியிருக்கிறார்கள்!

அவர்கள் பாதையில் கிரீஸ்லோ என்ற ஊர்ப் பக்கம் ஓர் உயரமான பாலம் இருந்தது. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் காரில் கூட்டிப்போய்க் காட்டினார். பாலம் போய்விட்டது, கல்தூண்கள் மட்டும் பள்ளத்தாக்கில் வரிசையாக நிற்கின்றன. 1925 ஜனவரி 30 ராத்திரி அடித்த புயல் காற்று, பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த ரயில் பெட்டிகளையே தூக்கித் தள்ளிவிட்டது. நான்கு பேர் இறந்துபோனார்கள். முன்னாலாக இருந்தால் இதை நம்பியிருக்கமாட்டேன். இங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்த்த பிறகு நம்புகிறேன். குடையை இங்கே யாரும் நம்பி எடுப்பதில்லை அப்பா, நாலு நாளில் கம்பி திரும்பிவிடும்.

சரி, அரசாங்கம் என்னதான் செய்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா. 2024 ஜூலையில் டப்ளின் அரசும் பெல்ஃபாஸ்ட் அரசும் சேர்ந்து தீவு முழுமைக்கும் ஒரு ரயில் திட்ட அறிக்கை வெளியிட்டார்கள். 2050 வரைக்குமான கணக்கு. மொத்தச் செலவு ஏறக்குறைய 37 பில்லியன் யூரோ, நம் பணத்தில் மூன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வரும். பெரிய நகரங்களுக்கு நடுவில் மின்சார ரயில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், இன்னும் என்னென்னவோ. எங்களுக்கு வேண்டியது அதில் இரண்டு கோடுகள்தான். போர்ட்டடவுன் என்ற ஊரிலிருந்து ஓமா, ஸ்ட்ரபேன் வழியாக டெரி வரை 1965-ல் மூடிய பாதையைத் திரும்பப் போடுவது ஒன்று. டெரியிலிருந்து எங்கள் லெட்டர்கென்னிக்குப் புதிதாக இழுப்பது இன்னொன்று.

வார்டில் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் அந்த ரயிலில் போனவர். திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "வரட்டும், எனக்கு ஜன்னல் சீட்டு போட்டுவை" என்றார். இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். கோபத்தைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்கள்.

நான் அந்த அளவுக்குக் கேலி செய்யமாட்டேன். வரைபடத்தில் கோடு போட்டுவைப்பதே பெரிய காரியம். மூடிய பாதையின் நிலம் துண்டு துண்டாகக் கைமாறிவிட்டது. சில இடத்தில் வீடு, சில இடத்தில் மாட்டுக் கொட்டில். இனியாவது அந்தத் தடத்தை விட்டுவைத்தால் உண்டு. ஆனால் பயம் எங்கே என்றால், அதே தடத்தில் ஏ5 என்று ஒரு ரோடு இருக்கிறது. விபத்துக்குப் பேர்போன ரோடு. அதை நான்கு வழிச் சாலையாக்குவோம் என்று 2007-ல் அறிவித்தார்கள். இரண்டு அரசும் பணம் தருகிறோம் என்கின்றன. வழக்கு மேல் வழக்காகப் போய், 2025 ஜூனில் நீதிமன்றம் திரும்பவும் ரத்து செய்துவிட்டது, பருவநிலைச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று. ரோட்டுக்கே இந்தப் பாடு என்றால் ரயிலுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் இங்கே ஜனங்களின் வாழ்க்கையை மாற்றியது ரயில் திட்டம் இல்லை, சின்ன பஸ். 2022 வாக்கில் கிராமங்களுக்கு பஸ் விடும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கிராமப்புற பஸ் சேவையைக் கால் பங்கு கூட்டுவது, நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குத் தினமும் மூன்று தடவையாவது போக வர வண்டி கிடைக்கச் செய்வது என்று இலக்கு. நம் மினி பஸ் மாதிரி வண்டிதான். டிக்கெட்டும் 2022-ல் நாடு முழுக்கச் சராசரியாக இருபது சதவீதம் குறைத்தார்கள். 66 வயதாகிவிட்டால் பஸ்ஸும் ரயிலும் இலவசம். நம் ஊரில் அம்மா டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகிறாரே, அந்த மாதிரி. இங்கே ஆண்களுக்கும் உண்டு.

வண்டியில் ஏறிப் பார்த்தால் தெரியும். ஸ்டாப் என்று பேர், ஆனால் தெரிந்த பாட்டி வீட்டு வாசலில் இருந்து இன்னும் வந்து சேரவில்லை என்றால் டிரைவர் நிறுத்திக்கொண்டு நிற்பார். பாட்டி ஏறி, பையை வைத்து, மழையைத் திட்டி முடிக்கும்வரை வண்டி நகராது. இறங்கும்போது ஒருவர் விடாமல் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பையன்கள்கூட. எங்கள் ஓ.பி.க்கு வரும் பெரியவர்கள் முன்னெல்லாம் மகன் லீவு போட்டால்தான் வர முடியுமாம். இப்போது தானே வருகிறார்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம். இங்கே புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை வேண்டுமென்றால் முன்பு கால்வே வரை போக வேண்டும், நாலு மணி நேரப் பயணம். 2016-லிருந்து டெரியில் உள்ள ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது, இரண்டு அரசும் பணம் போட்டுக் கட்டியது. அதனால்தான் டெரி ரயில் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை என்கிறேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. டெரி ஸ்டேஷன் எனக்கு ரொம்பப் பக்கம், முப்பத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கிருந்து பெல்ஃபாஸ்டுக்கு மணிக்கொரு ரயில். ஆனால் நான் போக முடியாது. என்னிடம் இருப்பது அயர்லாந்து விசா, அயர்லாந்து குடியிருப்பு அட்டை. எல்லையில் கேட் இல்லை, போலீஸ் இல்லை. ரோட்டோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாக மாறும், வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான். ஆனாலும் சட்டப்படி இந்திய பாஸ்போர்ட்காரி பிரிட்டன் விசா இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. நேராக டப்ளின் போகும் பஸ்கூட ஸ்ட்ரபேன், ஓமா வழியாகத்தான் போகிறது. அதில் ஏறினாலே தப்பு. எப்போதாவது திடீரென்று பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்கள் என்கிறார்கள். விசாவும் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் எங்கள் கூட்டத்தில் யாரும் அந்தப் பஸ்ஸில் ஏறுவதில்லை.

அதனால் நான் டப்ளின் போக வேண்டுமென்றால் தெற்கே ஸ்லைகோவுக்கு இரண்டு மணி நேரம் பஸ். அங்கே ரயில் பிடித்து இன்னும் மூன்று மணி நேரம். ஆனால் அந்தப் பயணம் எனக்குப் பிடிக்கும். பஸ் பார்ன்ஸ்மோர் கணவாய் வழியாகப் போகும்போது மலைச்சரிவில் பழைய ரயில் தடம் கோடாகத் தெரியும். போடிமெட்டுப் பக்கம் போவது மாதிரியே இருக்கும், டீக்கடை மட்டும் இருக்காது. ரயில் பாதை இங்கே ஐந்தடி மூன்றங்குலம். நம்முடையது மூன்றங்குலம் கூட. சீட்டு நன்றாக இருக்கும், டீ விலை கேட்டால் குடிக்கத் தோன்றாது.

ஆக, நாளைக்கே லெட்டர்கென்னியில் ரயில் வந்து நின்றாலும் முதல் ஸ்டேஷன் தாண்டினால் எனக்கு விசா வேண்டும். இந்த ஊர் வார்டுகளைத் தாங்கி நிற்பவர்களில் நிறையப் பேர் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அறிக்கை எழுதியவர்களுக்கு இது அவர்கள் வேலை இல்லைதான். அதுவே எனக்கு எரிச்சல்.

இதில் வேடிக்கை, நீங்கள் வந்தால் போகலாம். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்துக் குறுகிய காலச் சுற்றுலா விசா வாங்கினால், இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசாவாகத் தரும் ஏற்பாடு இந்தியர்களுக்கு உண்டு. ஆனால் விசாவில் அந்தக் குறிப்பு அச்சாகியிருக்க வேண்டும், முதலில் அயர்லாந்துக்குள்தான் இறங்க வேண்டும். எனவே டப்ளினுக்கே டிக்கெட் போடுங்கள். பத்து வருஷ பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வந்தால் டெரி வரை பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன். அங்கிருந்து கடலோரமாகப் போகும் ரயில் அது, இடது பக்கம் உட்காருங்கள்.

அம்மா போட்ட ஊறுகாய் தீர்ந்துவிட்டது. யாராவது வருவதாக இருந்தால் மறக்காமல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். சென்னை வண்டியில் டிக்கெட் கிடைக்கிறதா, வாரத்தில் மூன்று நாளை அதிகமாக்கினார்களா என்றும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்