பசித்தவர்கள் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த கதை பற்றி சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடை கூடையாகப் பணம் கொடுத்து ரொட்டி வாங்கினார்கள், வேலையில்லாத கூட்டம் பசியில் வெறிபிடித்து ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டது என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். மாநகராட்சிப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவள். படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

கூடைப் பணம் 1923-ஆம் ஆண்டு விஷயம். அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அதே மாதம் மியூனிக்கில் ஹிட்லர் கிளப்பிய கலகம் மறுநாளே அடங்கிப்போனது. அவர் ஜெயிலுக்குப் போனார். அப்புறம் புது நாணயம் வந்தது, அமெரிக்கக் கடன் வந்தது, ஆலைகள் ஓடின. 1928 தேர்தலில் நாஜிக்களுக்குக் கிடைத்தது 2.6 சதவீத ஓட்டு, 12 இடங்கள். அவர்களைத் தூக்கிவிட்டது 1929-க்குப் பிறகு வந்த பொருளாதார மந்தம். கொடுத்த கடனை அமெரிக்க வங்கிகள் திருப்பிக் கேட்டன. 1932 தொடக்கத்தில் பதிவு செய்த வேலையில்லாதோர் மட்டுமே 60 லட்சம் பேர். அந்த ஜூலையில் நாஜிக்களுக்கு 230 இடங்கள்.

சரி, அந்த 60 லட்சம் பேரா ஹிட்லரை ஏற்றிவிட்டார்கள்? ஓட்டுக் கணக்கை ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. வேலை போன தொழிலாளர்களில் அதிகம் பேர் கம்யூனிஸ்ட் பக்கம் போனார்கள். நாஜிக்களுக்குத் தொழிலாளர் ஓட்டும் விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது சிறு வியாபாரிகள், புராட்டஸ்டண்ட் பகுதி விவசாயிகள், ஓய்வூதியக்காரர்கள், கையிலிருப்பதும் போய்விடுமோ என்று பயந்தவர்கள் ஆகியோரின் ஓட்டுதான்.

திருவொற்றியூரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது இழுத்து மூடிவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். தெருத் தெருவாக அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். அம்மா வாசலில் ஆப்பம் சுட்டு விற்றார். காலையில் படிப்பகத்துப் பேப்பரை ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் ஒவ்வொரு செய்தியையும் பிடித்துக்கொண்டு வாதம் செய்வார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் அங்கே வந்து பேசியிருக்கிறார்கள். வெளியூர்க்காரனை விரட்டினால் நமக்கு வேலை கிடைக்கும் என்று பேச ஆரம்பித்தவரை மட்டும் மேற்கொண்டு பேசவிடவில்லை. பசி மனிதனை வெறியனாக்கும் என்று போகிறபோக்கில் எழுதுகிறவர்கள் அந்தப் பந்தலில் ஒருநாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜெர்மன் ஜனநாயகம் ஆட்டம் கண்டது மேலே இருந்தவர்களால். மார்ச் 1930. வேலையில்லாதோர் காப்பீட்டுச் சந்தாவை 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக்கலாமா என்பதுதான் தகராறு. முதலாளிகள் சார்பான கட்சியும் தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியும் ஒரே கூட்டணி அரசில் இருந்தன; இரண்டும் இறங்கி வரவில்லை, அரசு கவிழ்ந்தது. அடுத்துப் பிரதமராக வந்த புரூனிங்குக்குப் பெரும்பான்மை கிடையாது. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அவசர ஆணை போட ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்த அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவை வைத்துக்கொண்டு, ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தில் ஆட்சி நடத்தினார். சம்பளத்தை வெட்டினார், உதவித்தொகையை வெட்டினார், மந்தம் இன்னும் முற்றியது. 1932-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்தே ஐந்து. ஹிட்லர் வருவதற்கு முன்பே மக்கள் மன்றம் பூட்டப்படாத குறையாகக் கிடந்தது.

தொழிலாளர் கட்சிகளையும் நான் விட்டுவிட மாட்டேன். கம்யூனிஸ்டுகள் சமூக ஜனநாயகவாதிகளை ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 1932 தேர்தலில் இரு கட்சிக்கும் சேர்த்து 221 இடங்கள், நாஜிக்களுக்கு 196. ஜூலையை விட நாஜிக்கள் 34 இடங்களை இழந்திருந்த நேரம் அது. அப்போதும் இவர்கள் சேரவில்லை. 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியால் பிளந்து, புளியந்தோப்பில் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டதைத் தெரிந்துவைத்திருக்கும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வலி விளங்கும்.

அப்படி இறங்குமுகத்தில் இருந்த ஹிட்லரை 30 ஜனவரி 1933 அன்று பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்தவர்கள் ஹிண்டன்பர்க்கும் முன்னாள் பிரதமர் பாப்பனும். அமைச்சரவையில் நாஜிக்கள் மூன்று பேர்தானே, அடக்கிவைத்துக்கொள்ளலாம் என்று பாப்பன் நம்பினார். ஆறு மாதத்தில் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே இல்லை.

கட்டுரையின் தொடர்ச்சி வரும் ஞாயிறு வெளியாகும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் 23 மார்ச் 1933 அன்று நடந்த வாக்கெடுப்பை விரிவாக எழுதச் சொல்லுங்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் முழுவதையும் ஹிட்லர் அரசுக்குக் கொடுக்கும் மசோதா அது. சீருடை அணிந்த நாஜிப் படையினர் அவைக்குள்ளேயே நின்றார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளே விடவில்லை. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்கள் சார்பில் எழுந்து பேசியவர் ஓட்டோ வெல்ஸ். அவர் பெயர் உங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை – 81