செவ்வாயும் வியாழனும் வராதவன்: மாணவர் சேர்க்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் சேர்க்கைக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒரு சிறிய கணினி மையத்தில் வேலை செய்கிறேன். மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கடையில் கல்லூரி விண்ணப்பம் தவிர வேறு வேலை இருக்காது. அரசு கலைக் கல்லூரி, பொறியியல் கலந்தாய்வு, பாலிடெக்னிக், நர்சிங் என்று ஒரு பருவத்துக்கு நூறு விண்ணப்பங்களாவது என் கையால் நிரம்பிப் போகின்றன. உங்கள் கல்லூரிக்குப் போட்ட என் தம்பியின் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் போதாது என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பிழை என்னுடையதாக இருந்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று, உங்கள் விவரக்குறிப்பை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பிழை என்னுடையது இல்லை.

சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நடக்கும் என்றுதான் அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பில் அறுபது விழுக்காடு வேண்டும் என்ற நிபந்தனை, சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் அமர்ந்திருந்தவரின் கையில் இருந்த ஒரு தாளில் இருந்தது. அந்தத் தாளைப் பார்ப்பதற்கு நாங்கள் சேது எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஓர் இரவு உட்கார்ந்து சென்னைக்கு வர வேண்டியிருந்தது.

தம்பியின் கணக்கு இது. பத்தாம் வகுப்பில் 500க்கு 231. பதினொன்றில் 600க்கு 468. பன்னிரண்டில் 600க்கு 548. அதில் கணிதம் 98. அவன் கேட்டது புள்ளியியல். மேசையில் இருந்தவர் மூன்று மதிப்பெண் பட்டியல்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தார். "பத்தாவதில் கணக்கு முப்பத்தேழு. புள்ளியியலா?" என்றார். சிரித்தாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தம்பி சிரித்தார் என்கிறான். "அடுத்து யார்?" என்று எங்களுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது.

என் வேண்டுகோளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு நிபந்தனையை நீக்குங்கள். நீக்க முடியாதென்றால், அதில் குறைந்தவன் பிறகு எப்படி ஏறிவந்தான் என்று கேட்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

காரணம் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது, கேட்டீர்கள். உங்கள் இணைய விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. முந்தைய தேர்வுகளில் மதிப்பெண் குறைந்திருந்தால் காரணத்தை நூறு எழுத்துகளுக்கு மிகாமல் எழுதவும் என்கிறது. முதலில் தமிழில் தட்டினேன். ஏற்கவில்லை, எழுத்துகளெல்லாம் கேள்விக்குறிகளாக மாறி நின்றன. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்தது என்பதற்கே பாதிக் கட்டம் போய்விட்டது. இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்காகிறது. ஊர்காவற்றுறை நீதிமன்றம், யாழ்ப்பாணம் சிறை என்று எழுதினால் தம்பிக்கு இடமில்லை. தம்பி என்ன வேலை செய்தான் என்று எழுதினால் அப்பாவுக்கு இடமில்லை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருடைய விண்ணப்பத்தை அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிற நான், அந்த ஒரு கட்டத்தின் முன்னால் இரவு கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதினேன்: குடும்பச் சூழ்நிலை. எண்பது எழுத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

அந்தக் கட்டத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். பாக் நீரிணையில் நடக்கும் கைதுகளைப் பற்றி நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதை நான் விளக்கப் போவதில்லை. 2022 ஐப்பசியில் அப்பா போன விசைப்படகும் பிடிபட்டது. ஏழு வாரத்தில் அப்பா வந்துவிட்டார், படகு வரவில்லை. அப்பா படகு வைத்திருந்தவர் இல்லை, கூலிக்குப் போனவர். படகில்லாத முதலாளியிடம் கூலியாளுக்கு என்ன வேலை? போதாததற்கு இடுப்பு வலியோடு வந்திருந்தார். தம்பி அப்போது பத்தாம் வகுப்பு.

எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. திங்கள் போன படகு செவ்வாய் விடியலில் கரை சேரும், புதன் போனது வியாழன் விடியலில், சனி போனது ஞாயிறு. அந்த மூன்று விடியலிலும் இராமேஸ்வரம் படகுத்துறையில், நாங்கள் ஜெட்டி என்போம், ஆள் தேவைப்படும். கூடை இறக்க, ஐஸ் உடைக்க, இறாலைத் தரம் பிரிக்க, நண்டும் கணவாயும் தனியாக எடுத்துவிட்டு மிஞ்சுகிற சங்காயத்தை, அதாவது கழிவு மீனை, வாரிக் குவிக்க. அம்மாவும் தம்பியும் அதிகாலை மூன்று மணிக்குப் போவார்கள். வேலை முடியப் பத்து மணி, சில நாள் பதினொன்று. ஞாயிறு பள்ளி இல்லை. எனவே அவன் தவறவிட்டது செவ்வாயும் வியாழனும்.

அந்த ஆண்டு அவனுடைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் கோலப்புள்ளி வைத்ததுபோல் ஒழுங்காக இருக்கும். சோம்பேறிப் பையன் அப்படி விடுப்பு எடுக்கமாட்டான். அவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவன் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபோது கணித ஆசிரியர் பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "செவ்வாய், வியாழன் மட்டும் உனக்கு என்னடா காய்ச்சல்?" என்று கேட்டிருக்கிறார். அவன் சொன்னதும், அன்று மாலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினார். அதன்பின் தம்பி ஞாயிறு மட்டும் ஜெட்டிக்குப் போனான். நான் இந்த வேலையில் சேர்ந்தது அதற்காகத்தான். அது என் கதை, விட்டுவிடுவோம்.

2023 பொதுத்தேர்வில் கணிதத் தேர்வு வந்ததும் ஒரு வியாழக்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு 61 நாள் ஜெட்டியில் ஒரு ரூபாய் பார்க்க முடியாது. போகாதே என்று அம்மா சொன்னார், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று அவன் போனான். எட்டரை மணிக்கு ஓடிவந்து குளித்து, சீருடை போட்டுத் தேர்வுக்குப் போனான். இறால் கொம்பு குத்திய விரல் ஐஸில் ஊறி வீங்கியிருந்தது. பேனாவைப் பிடிக்க முடியவில்லை என்று அவன் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம். உங்கள் மேசையில் இருந்தவர் வாசித்த முப்பத்தேழு அந்தக் கையால் எழுதியது.

இரக்கப்படச் சொல்லி இதை எழுதவில்லை. எங்கள் தெருவில் இதைவிட மோசமான கதைகள் இருக்கின்றன. அவர்களில் பலர் உங்கள் வாசல்வரை வரவே இல்லை. தம்பிக்கு அரசு கல்லூரியில் இடம் கிடைக்கும், அங்கே அவன் நன்றாகவே படிப்பான். நான் கேட்பது ஒரு முறையைப் பற்றி.

அரசு கலைக் கல்லூரிகளின் தரவரிசை பன்னிரண்டாம் வகுப்பின் நான்கு பாடங்களை 400க்குக் கணக்கிட்டுப் போடப்படுகிறது. பொறியியலுக்குக் கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாக 200. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்கூட உயர்கல்விச் சேர்க்கைக்கு வேண்டாம் என்று 2018இல் அரசு சொல்லிவிட்டது. பதினொன்றே வேண்டாம் என்கிற இடத்தில் நீங்கள் பத்தில் போய் நிற்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொரோனா காரணமாக 2021இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லாரும் தேர்ச்சி, பட்டியலில் மதிப்பெண்ணே கிடையாது. அந்தப் பிள்ளைகள் 2023இல் உங்களிடம் வந்திருப்பார்கள். அவர்களுடைய அறுபது விழுக்காட்டை எந்தத் தாளில் பார்த்தீர்கள்? பார்க்காமலே சேர்த்தீர்கள் என்றால், அந்த ஆண்டு உங்கள் புள்ளியியல் துறை கடலில் மூழ்கிவிடவில்லையே. புள்ளியியல் துறையே இதைச் செய்வதுதான் எனக்குப் புரியவில்லை. 231, 468, 548 என்று மூன்று எண்களை உங்கள் முதலாண்டு மாணவரிடம் கொடுத்துப் பாருங்கள். போக்கு எந்தப் பக்கம் என்று அவர் சொல்வார்.

மீன் குஞ்சு பொரித்துப் பெருக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அரசு கடலுக்கு விடுமுறை கொடுக்கிறது. நாங்களும் வலையை மடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். வளர்வதற்கு அவகாசம் வேண்டும் என்பது இறால் விஷயத்தில் எல்லாருக்கும் புரிகிறது. பையன்கள் விஷயத்தில்தான் சிக்கல். இதே 61 நாளுக்குள்தான் விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் நகல், ரயில், முன்பணம் எல்லாம் வரும். நிவாரணமாக வரும் 8,000 ரூபாயில் அரிசி வாங்குவதா, உங்களுக்குத் திருப்பித் தரப்படாத கட்டணம் கட்டுவதா என்று எங்கள் கடையில் என் முன்னாலேயே பேசிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. தாளில் இருந்த நிபந்தனையை விவரக்குறிப்பில் போட்டிருந்தால் அந்தக் கட்டணமாவது மிஞ்சியிருக்கும். நிபந்தனையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை மட்டும் ஊரெல்லாம் விற்பதற்குப் பெயர் என்னவென்று நான் எழுதப் போவதில்லை.

உங்கள் வரவேற்பறையில் அப்துல் கலாம் அவர்களின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. காத்திருந்த நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இராமேஸ்வரம் பக்கம் என்று சொன்னதும் வாசல் காவலர்கூட, "கலாம் ஊரா!" என்று மகிழ்ந்தார். எங்கே போனாலும் எங்களுக்கு இந்த மரியாதை கிடைக்கும், வாசலில். அவர் சிறுவயதில் நாளிதழ் போட்டுப் படித்தவர் என்று ஆண்டுவிழாவில் பேசுவோம். இன்று ஒரு பையன் ஐஸ் உடைத்துப் படித்துவிட்டு வந்தால் அவனுடைய பத்தாம் வகுப்புப் பட்டியலைக் கேட்போம். பேய்க்கரும்பில் உள்ள அவருடைய நினைவிடத்தைத் தாண்டித்தான் தம்பி ஜெட்டிக்குப் போய்வந்தான். விடியற்காலை மூன்று மணிக்கு அது பூட்டியிருக்கும்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் கல்லூரியின் மீது மதிப்பு இல்லாவிட்டால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அங்கே படித்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தம்பி ஒரு நோட்டில் எழுதியே வைத்திருக்கிறான்.

பத்தாம் வகுப்பு நிபந்தனையை நீக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு முடியாதென்றால் அடுத்த ஆண்டு விவரக்குறிப்பின் முதல் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடுங்கள். கடையில் உட்கார்ந்திருக்கும் நான் படித்துப் பார்த்து, பணம் கட்டாதீர்கள் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் பக்கத்துக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதில் தமிழும் ஏறும்படி செய்யுங்கள்.

தம்பியைப் பொறுத்தவரை, ஒரு தேர்வு வையுங்கள், நீங்களே கேள்வி கேளுங்கள். அதில் தேறாவிட்டால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். உங்கள் வகுப்புகள் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருப்பதாக இணையதளத்தில் பார்த்தேன். அதற்குள் ஏதாவது ஒரு நாள் சொல்லுங்கள். செவ்வாயோ வியாழனோ, எந்தக் கிழமையானாலும் வந்துவிடுவான்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா