படுவான்கரை வள அறைத் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எமது பல்கலைக்கழகக் கல்வியியல் துறையின் வெளிக்களச் சேவைக்கென்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் ஆரம்பப் பாடசாலை வளவுக்குள், வாசிக்கத் தடக்கும் பிள்ளைகளுக்காகக் கட்டத் தொடங்கிய வள அறை முடிந்துவிட்டது. அறையின் திறப்பு அதிபரிடம் கையளிக்கப்பட்டுள்ளது. உள்ளளவு 30 அடிக்கு 20 அடி. சுவர், கூரை, கதவு, யன்னல், மின்னிணைப்பு, வர்ணம் எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

முடியாமல் இழுபட்டது தரை. சென்ற கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவையே. விரிவாகவே பதில் சொல்கிறோம்.

முதல் வரைபடத்தில் தரைமட்டம் நிலத்திலிருந்து 1½ அடி. அதை 2½ அடியாக உயர்த்தியது குழுவின் தீர்மானம். பழைய வகுப்பறைச் சுவர்களில் வெள்ளம் நின்ற கறை தெளிவாகத் தெரிகிறது; முதல் வரைபடத்தின் தரை அந்தக் கறைக்குக் கீழே கிடந்திருக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை மழை கொட்டும் ஊரில், புத்தகம் வைக்கிற அறையை வெள்ளமட்டத்துக்குக் கீழே கட்டுவதை விடக் கட்டாமலே விடலாம். இந்த ஓர் அடிக்காக அத்திவாரச் சுவர் சுற்றிவர உயர்ந்தது. சக்கர நாற்காலிப் பிள்ளைக்கான சாய்தளமும் நீண்டது. ஓர் அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும். ஆகவே 18 அடியில் முடியவேண்டியது 30 அடியாகி, கட்டடத்தின் நீளப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மதிப்பீட்டுக்கு மேலே போன செலவில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும்தான்.

அடுத்தது மண். ஒரே மண்ணுக்கு இருமுறை காசு கொடுத்தீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. கணக்கு இதுதான்: 600 சதுர அடித் தரையை ஓர் அடி உயர்த்த, இறுகிய நிலையில் 600 கன அடி கிறவல் மண் வேண்டும், அதாவது 6 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). நாம் வாங்கிய கிறவல் இறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எனவே தளர்வாக 7½ கியூப் கொட்டினால்தான் 6 கியூப் நிற்கும். ஒப்பந்தகாரர் 10 உழவு இயந்திரப் பெட்டி இறக்கிவிட்டு, பெட்டிக்கு ஒரு கியூப் என்று 10 கியூபுக்குப் பற்றுச்சீட்டுத் தந்தார். பெட்டியை அளந்தோம். நீளம் 8 அடி, அகலம் 5 அடி, உயரம் 1½ அடி: 60 கன அடி. பத்துப் பெட்டியும் சேர்த்தால் 6 கியூப், அதுவும் தளர்வான மண். இறுக்கியபின் ஓர் அடிக்கு ஏறக்குறைய 2½ அங்குலம் குறைந்தது. 6 கியூபுக்கே காசு கொடுத்தோம். குறைந்த 1½ கியூபை வேறிடத்தில் வாங்கினோம். இரண்டு பற்றுச்சீட்டு இருப்பதன் காரணம் அதுவே. இரண்டையும் கூட்டினாலும் அவர் கேட்ட பத்துக்குக் கீழேதான்.

அளவை விடப் பெரிய பிணக்கு இறுக்கிய விதத்தில் வந்தது. 6 அங்குலப் படையாகக் கொட்டி, ஒவ்வொரு படைக்கும் நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அவர் முழுவதையும் ஒரே தடவையில் பரப்பி மேலால் இடித்தார். திமிசின் அடி மேலே சில அங்குலத்துக்குத்தான் இறங்கும். அடிமண் தளர்வாகவே கிடந்து, நீர் ஊறியதும் அமுங்கும். மேலே போட்ட கொங்கிறீற்றுக்கும் மண்ணுக்கும் இடையில் வெற்றிடம் விழும், முதல் மாரியிலேயே தரை வெடிக்கும். கம்பியொன்றை ஊன்றிப் பார்த்தபோது கையழுத்தத்திலேயே அடிவரை இறங்கியது. அன்றே வேலையை நிறுத்தினோம். மண்ணை மேலே எடுத்து, படைபடையாக மறுபடி இடிப்பித்தோம். அதற்கான கூலி ஒப்பந்தப்படி அவருடையது, கழித்துக்கொண்டோம். தாமதத்துக்கு எம்மேல் கோபப்பட்டவர்களுக்கு எமது பதில் ஒன்றே: அன்று நிறுத்தாதிருந்தால் அடுத்த வருடம் தரையை உடைக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்போம்.

பல்கலைக்கழகத்துக்கு வாவிக்கு அப்பால் என்ன வேலை என்றும் சிலர் கேட்டார்கள். 1981இல், பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமான மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதே வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில்தான். ஒரு பள்ளிக்கூடம் இடம் விட்டுத்தந்து உருவானது எமது உயர்கல்வி. பள்ளிக்கூடங்களுக்கு நாம் செய்வது தானமல்ல, கடன்.

தரம் 5 புலமைப் பரிசில் பரீட்சைக்கு வகுப்பு வைக்கும்படி கேட்டவர்களுக்கு: அந்த வகுப்புக்கு வருபவர் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள். தரம் 3க்கு வந்தும் வசனம் வாசிக்க முடியாத பிள்ளைக்காகவே இந்த அறை. எமது ஆசிரிய மாணவர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இருத்தி எழுத்து, சொல், வசனம், பந்தி என்ற வரிசையில் வாசிக்க வைப்பார். எங்கே தடக்குகிறதோ அந்தக் குழுவில் சேர்ப்பார், தரம் பார்ப்பதில்லை. அதிகமாகத் தடக்குவது கொம்பில். கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கிறது, அதன் ஒலி பின்னே வருகிறது. ‘கொ’வில் ஒரே ஒலியின் குறி இருபக்கமும் பிரிந்து நிற்கிறது. ஆகவே குறிகளைத் தனி அட்டைகளாக வெட்டி, பிள்ளை தன் கையால் பொருத்திப் பார்க்கும்படி செய்திருக்கிறோம். பெரும்போக அறுவடையின்போது பெற்றோருடன் வயல்வாடிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கக் குழுப் பதிவேடு இருக்கிறது.

புத்தக அலுமாரிகள் 6 அங்குலக் கொங்கிறீற்றுத் திண்ணையில், சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிற்கின்றன. கறையான் ஏறினால் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. யாரும் சுவரோடு தள்ளி வைக்கவேண்டாம்.

கதவு நிலைகளுக்கு முதிரை மரம் தந்த கொக்கட்டிச்சோலை வயற்காரர், மின்விசிறி தந்த காத்தான்குடி வியாபாரிகள், திரைச்சீலைக்குத் துணி தந்த மருதமுனை நெசவாளர், சீமெந்து தந்த செங்கலடி, களுவாஞ்சிகுடிக் கடைக்காரர்கள், கதைப் புத்தகம் சேர்த்த ஆரையம்பதி ஆசிரியைகள், மாதச் சம்பளத்தில் பங்கு ஒதுக்கிய விரிவுரையாளர்கள், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பழைய மாணவர்கள், மண் இடிக்க நாளெல்லாம் நின்ற பெற்றோர், அவர்களுக்குச் சோறு சமைத்த தாய்மார். இத்தனை கைகள் சேர்ந்த வேலை இது. பெயரும் தொகையும் பாடசாலை அறிவித்தற் பலகையில் முழுமையாக உள்ளன. விடுபட்டிருந்தால் செயலாளரிடம் தெரிவிக்கவும்.

ஒப்பந்தகாரருக்குரிய தடுத்துவைத்த பணம் இன்னும் எமது கணக்கிலேயே இருக்கிறது. மாரி ஒன்று கழிந்தபின் தரையைத் தட்டிப் பார்த்து, வெற்றொலியோ வெடிப்போ இல்லாவிட்டால் மட்டும் அதை விடுவிக்க அங்கத்தவர்களின் அங்கீகாரத்தைக் கோருகிறோம்.

திருப்பணிக் குழு